மூன்றில் இரண்டு சாட்சி

செத்துப்போன மொக்கராசு அன்றைக்கும் பத்திரமாக வெளியே வந்துவிட்டதாகக் குழாய் சொன்னது.

காலனி நடுவே கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக்குத்தான் குழாய் என்று பெயர். பொழுது சாய்கிற நேரத்தில் அது சுரங்கத்து ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கும். பொம்பளைக் குரல், அவசரப்படாத, பதமான குரல். "செவத்தையா, வெளியே. சடையாண்டி, வெளியே. மொக்கராசு, வெளியே." தன் வீட்டுப் பெயர் வந்ததும் பெண்கள் உலையில் அரிசியைப் போடுவார்கள். அதற்காகத்தான் அதைக் கட்டியதே. இப்போது சுரங்கத்தில் ஆள் வேலை நின்றிருந்தது. குழாய் நிற்கவில்லை. உள்ளே யாரும் இல்லை என்பதைச் சொல்வதும் அதன் வேலைதான்.

மொக்கராசுவுக்குக் கருமாதி முடிந்துவிட்டது. கீழ்த்தேக்கத்துச் சல்லடையில் கிடைத்ததை ஒரு வேட்டியில் முடிந்து தூக்கிப் போய் எரித்தவர்களில் சடையாண்டியும் ஒருவன். முடிச்சு கனக்கவே இல்லை. அந்தக் கனமில்லாமைதான் இன்னும் அவன் தோளை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

"பேரையாவது எடுங்கய்யா, அவன் பொண்டாட்டி தெனமும் வாசலப் பாக்குது" என்று அலுவலகத்தில் போய்க் கேட்டான். "அது எந்திரம் பதிஞ்சதுய்யா. நாம கையால எடுத்தா எந்திரம் தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்" என்றார் மேலாளர்.

தேனிக்கு மேற்கே, மலைக்கு உள்ளே இருந்தது அந்த மின்நிலையம். பகலில் வெயில் கரண்ட் மிஞ்சிக் கிடக்கும். அதை வைத்துக் கீழ்த்தேக்கத்துத் தண்ணீரை ஒரு சுரங்கம் வழியாக மலையுச்சிக்கு ஏற்றுவார்கள். பொழுது போனதும் அதே தண்ணீரை இன்னொரு சுரங்கம் வழியாக இறக்கிச் சக்கரத்தைச் சுற்றுவார்கள். ஊரெல்லாம் விளக்கெரியும். இறக்குகிற சுரங்கம் பகலில் காலியாகக் கிடக்கும். அப்போது சடையாண்டியின் ஆட்கள் உள்ளே போய்ச் சகதி வழிப்பார்கள். அவர்கள் வெளியே வந்தபிறகு ஷட்டர் தூக்கித் தண்ணீரை விடும்.

ஆட்களை எண்ணுவதும் ஷட்டரைத் தூக்குவதும் அந்தக் குரல்தான். கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. 'அக்கா' என்று கூப்பிட்டார்கள். அக்கா வருவதற்கு முன்னால் மேஸ்திரி வாசலில் நின்று, ஒவ்வொருவன் தலையிலும் ஒரு தட்டுத் தட்டி எண்ணுவார். தட்டில் சில நேரம் கோபமும் இருக்கும். அக்கா வந்தபிறகு மேஸ்திரியான சடையாண்டி யார் தலையையும் தட்டியதில்லை. ஷட்டர் தூக்கினால் எல்லாரும் வந்தாச்சு என்று அர்த்தம்.

அன்றைக்கு வேலை முடிந்து முழங்கைக்கு வந்தார்கள். சுரங்கம் வளைகிற இடத்துக்கு அப்படிப் பெயர். மொக்கராசு அங்கே நின்றான். "கடப்பாரைய உள்ள விட்டுட்டேன். தண்ணியோட போயி வீல்ல அடிச்சா நம்மளத்தேன் திங்கப் பாப்பாய்ங்க. நீ நட மச்சான். வர்றேன்."

சடையாண்டி நடந்தான். வெளியே பைப்படியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது, ஷட்டர் தூக்கியது. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாப்ள மொக்கராசு வந்து எங்கேயாவது பீடி பற்ற வைத்திருப்பான் என்று நினைத்தான்.

விசாரணையில், கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார்கள். "வர்றேன்னு சொல்லிட்டுப் போனான்யா" என்றான். அதை இங்கிலீஷில் எழுதிக்கொண்டார்கள். பிறகு முடிவு வந்தது. எந்திரத்தில் பிழை இல்லை. தொழிலாளி வெளியே வருவதாகச் சொல்லிவிட்டு, விதியை மீறித் திரும்ப உள்ளே போயிருக்கிறார். முழங்கையில் மாட்டியிருந்த அக்காவின் காதும் அதையே கேட்டிருக்கிறது; கூட இருந்த மேஸ்திரியும் அதையே சொல்கிறார்.

தன் வாயே மாப்ளயைப் பொய்யனாக்கிவிட்டது என்று சடையாண்டிக்குப் புரிந்தது. எப்படி என்றுதான் புரியவில்லை. சுரங்கத்தில் சகதி ஏறிக்கொண்டிருந்தது. மறுபடி ஆளை இறக்கப் போகிறார்கள். மொக்கராசு பொய் சொல்லியிருந்தால் அக்காவை நம்பி உள்ளே போகலாம். சொல்லவில்லை என்றால் அக்கா இன்னொரு தடவையும் கொல்லுவாள். இரண்டில் எது என்று தெரியாமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு முழங்கையைத் தாண்ட அவனால் முடியாது.

அக்காவைச் செய்த கம்பெனி ஒரு பெண்ணை அனுப்பியது. பெயர் ஜெசிந்தா, நாகர்கோவில் பக்கம். தலைக்குப் பெரிதான தொப்பி, இடுப்புப் பட்டையில் அக்காவின் காது ஒன்றைச் சோதனைக்கு மாட்டியிருந்தாள். அவள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வேலை தொடங்கும். சடையாண்டியும் செவத்தையாவும் அவளைச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போனார்கள்.

"மேடம், அக்காவுக்குக் கல்யாணம் காச்சி எதும் உண்டுமா? இல்ல, கடேசி வரைக்கும் எங்கள எண்ணிக்கிட்டே கெடக்க வேண்டியதானா?" என்றான் செவத்தையா.

"நீங்கதான் ஒரு சம்மந்தம் பாக்கணும். ஒரு நாள்கூட லீவு போடாத பொண்ணாக்கும்."

"அதேன் பயமா இருக்கு."

சடையாண்டி கேட்டான்: "சுத்தி வளைக்காமச் சொல்லுங்க மேடம். இத நம்பலாமா?"

"நம்பலாமான்னு எங்கிட்ட கேக்காதீங்க அண்ணே. நான் பாக்கது நம்பகம். அது வேற."

"ரெண்டும் வேறயா?"

"ஒரு பொருளுக்குச் சொல்லிக்குடுத்த வேலைய, சொன்ன நெலமையில, சொன்ன காலம் வரைக்கும் பிசகாம செய்யணும். அதுக்குப் பேருதான் நம்பகம். நல்லது செய்யுதா கெட்டது செய்யுதாங்கது அதுல வராது."

செவத்தையா தலையைச் சொறிந்தான். "எங்க தெருவுல ஒருத்தன் இருந்தான் மேடம். தெனமும் பொழுது சாய குடிச்சுப்புட்டு வந்து பொண்டாட்டிய அடிப்பான். மழ பேஞ்சாலும் தவற மாட்டான். அவனுக்கும் கையெழுத்துப் போடுவீங்களா?"

ஜெசிந்தா சிரிக்கவில்லை. "கணக்குப்படி போடணும்" என்றாள்.

முழங்கையில் நின்று அவள் விளக்கினாள். அதற்கு அப்பால் பாறை ரேடியோவை விழுங்கிவிடும்; எதுவும் எடுக்காது. அதனால் அக்காவுக்கு அங்கிருந்து வாசல்வரை மூன்று சாட்சிகள். முழங்கையில் ஒரு காது, வாசல்வரை உள்ள நடைபாதையைப் பார்க்க ஒரு கண், வெளியேறுகிறவர்களை எண்ண வாசலில் ஒரு கட்டை.

"மூணுல எத நம்பும்?"

"எதையும் தனியா நம்பாது. கண்ணுல சகதி அடிக்கும். ரெண்டு பேரு ஏணியத் தூக்கிட்டுச் சேந்து போனா வாசல்கட்டை ஒரு ஆளுன்னு எண்ணும். காதும் தப்பாக் கேக்கலாம். அதுக்காகத்தான் மூணு. ரெண்டு சாட்சி ஒண்ணுபோலச் சொன்னா மூணாவத பொய்யின்னு தள்ளிரும்."

"அன்னைக்கு என்னா சொன்னுச்சுக?"

"மொக்கராசு வாறாருன்னு காது சொல்லிச்சு. நடையில யாரும் இல்லன்னு கண்ணு சொல்லிச்சு. அப்ப வந்து, நடந்து, வெளிய போயாச்சுன்னு அர்த்தமாவுது. வாசல்கட்டை மட்டும் ஒரு ஆளு கொறையுதுன்னு சொல்லிச்சு."

"நெசத்தச் சொன்னது அது ஒண்ணுதேன்."

"ஆமா அண்ணே. ரெண்டுக்கு ஒண்ணு. அதத் தள்ளிருச்சு."

சடையாண்டி பாறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தான். ஈரமாக, உயிருள்ளதுபோல் சில்லென்றிருந்தது. ஊர்ப் பஞ்சாயத்திலும் இப்படித்தான், இரண்டு பேர் சொன்னால் மூன்றாவது ஆள் பொய்யன். ஆனால் பஞ்சாயத்தில் அந்த மூன்றாவது ஆள் கத்துவான், மண்ணை வாரித் தூற்றுவான். வாசல்கட்டைக்கு அது தெரியாது.

சாயங்காலம் சடையாண்டியும் ஜெசிந்தாவும் மொக்கராசுவின் மனைவி பெருமாயி வீட்டுக்குப் போனார்கள். ஜெசிந்தாவுக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன. கேட்கத்தான் வாய் வரவில்லை. பெருமாயியே ஆரம்பித்தாள்.

"குடிப்பாரான்னு கேளு. அதுக்குத்தான வந்திருக்க. குடிப்பாரு. டனலுக்குப் போற அன்னைக்குத் தொட மாட்டாரு. பொய்யி சொல்லுவாரான்னும் கேளு. எங்கிட்டச் சொல்லுவாரு, நெறையச் சொல்லுவாரு. வேலையில சொல்ல மாட்டாரு. இல்லண்ணே?"

"ஆமா தங்கச்சி" என்றான் சடையாண்டி.

அப்போது குழாய் வாசிக்கத் தொடங்கியது. மூன்று பேரும் பேச்சை நிறுத்தினார்கள். பெயர்கள் வந்தன. "மொக்கராசு, வெளியே."

பெருமாயி காபித் தம்ளரை ஜெசிந்தா பக்கம் நகர்த்தினாள். "கேட்டியா? வெளியதேன் இருக்காராம். ஊரு ஒலகத்துக்கே சொல்றா. எங்கன போயித் தேடுறதுன்னுதேன் எனக்குத் தெரியல."

ஜெசிந்தா எழுந்து, பெருமாயியின் கையைத் தொட்டாள். "வாறேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கித் தெருப்பக்கம் திரும்பினாள்.

அவள் இடுப்பிலிருந்த காது பேசியது: "நன்றி. ஜெசிந்தா வருகிறார்."

"போறவளப் பாத்து வர்றாங்குது. கோட்டிக் கழுத" என்றாள் பெருமாயி. சொன்ன வாயை அப்படியே கையால் பொத்திக்கொண்டாள்.

தெருவில் ஜெசிந்தா ஒரு காலை முன்வைத்தபடி நின்றாள். சடையாண்டி சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். வர்றேன்னு சொல்லிட்டுப் போனான். அவன்தான் சொன்னான், அத்தனை அதிகாரிகளுக்கு முன்னால். சொன்னதில் 'போனான்' இருந்தது. எழுதியதில் அது இல்லை.

ஜெசிந்தா திரும்பி வந்தாள். "வெளிய வரும்போது முழங்கையில வர்றேன்னு சொல்லணும்னு விதி. எழுதினவங்க அந்த ஒரு அர்த்தத்தத்தான் எழுதியிருக்காங்க. ஏன் அண்ணே, போறேன்னு யாருமே சொல்ல மாட்டீங்களா?"

"நீ சொன்னியா தாயி இப்ப?" என்றான் சடையாண்டி.

அவள் குனிந்து இடுப்பிலிருந்த காதைப் பார்த்தாள்.

"எழவு வீட்லதேன் சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சுப் போவோம். மத்த எடத்துல எல்லாம் வர்றேன்தேன். அதுவும் டனலுக்குள்ள நின்னுக்கிட்டு எவன் போறேம்பான்?"

பெருமாயி மெதுவாகக் கேட்டாள்: "அப்ப எம்புருசன் பொய்யி சொல்லல."

"இல்லக்கா."

"அவளும் பொய்யி சொல்லல."

ஜெசிந்தா இல்லை என்று தலையசைத்தாள்.

"ரெண்டு பேரும் பொய்யி சொல்லாமத்தேன் ஆளு செத்துருக்காரு" என்றாள் பெருமாயி.

ஜெசிந்தா கம்பெனியோடு சண்டை போட்டாள். அலுவலகத்துக் கண்ணாடிக்கு வெளியே நின்றவர்களுக்குக் கைகள் மட்டும் தெரிந்தன. அவள் கை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது பாதிதான் ஜெயித்திருந்தாள். மொக்கராசுவின் பெயரைக் குழாயிலிருந்து எடுத்துவிடுவார்கள். எந்திரத்திலிருந்து எடுக்க மாட்டார்கள். 'வர்றேன்' என்ற சொல்லையும் எடுக்க மாட்டார்கள்.

"வருசக்கணக்கா ஓடி நிரூபிச்ச சொல்லாம். அத எடுத்தா இதுவரைக்கும் ஓடினது எல்லாம் கழிஞ்சு போவும், முதல்லேருந்து நிரூபிக்கணுமாம். புதுசா ஒண்ணு சேக்கலாம், இருக்கத எடுக்கக் கூடாது. அதனால ஒரு சொல்லு சேத்திருக்கோம். உள்ள போகும்போது முழங்கையில போறேன்னு சொல்லணும். சொன்னா, உள்ள இருக்காருன்னு அக்கா பதிஞ்சுக்கிடுவா."

ஆட்கள் கொதித்தார்கள். செவத்தையா முன்னால் வந்தான். "தல மேல மலை, முன்னாடி இருட்டு, பின்னாடி தண்ணி. அங்கன நின்னுக்கிட்டு போறேன்னு சொல்லணுமாக்கும்? அப்பிடியே வாய்க்கரிசியவும் அக்கா கையில குடுத்துவிடச் சொல்லுங்க. ஒரே செலவா முடிஞ்சு போகும்."

யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று முழுவதும் பேசியும் நடக்கவில்லை. மறுநாள் ஜெசிந்தா ஒரு யோசனையோடு வந்தாள்.

"நீங்க போறேன்னு சொன்ன ஒடனே அக்கா 'போயிட்டு வாங்க'ன்னு சொல்லட்டும். அப்பச் சரியாவுமா? ஒருத்தரு வாங்கன்னு வாயால சொல்லிட்டா அந்தச் சொல்லுக்குத் தோசம் கழிஞ்சிரும்லா?"

கூட்டம் யோசித்தது. ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அது செரிதேன்" என்றான் சடையாண்டி. விதிக்கு அப்பால் போய்த் தங்கள் மனசை ஒரு ஆள் யோசித்தது அவனுக்குப் பெரிதாகப் பட்டது. பெத்த பிள்ளைபோல் யோசிக்கிறாளே என்று பெருமாயியிடம்கூடப் போய்ச் சொன்னான். ஜெசிந்தா கையெழுத்துப் போட்டாள்.

வேலை தொடங்கிய நாள் வானம் மூட்டம் போட்டிருந்தது. வெயில் கரண்ட் குறைகிற நாளில் பொழுது சாய்வதற்கு முன்பே தண்ணீர் கேட்பார்கள். சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று ஆட்கள் சகதி இறைக்கிற மோட்டாரைத் தூக்கிக்கொண்டு முன்னே போனார்கள். சடையாண்டி வாசலில் ஹோஸ் பைப்பை மாட்டிக் கொடுத்துவிட்டுக் கடைசியாக நடந்தான். அவன் முழங்கைக்கு வந்தபோது உள்ளே மோட்டார் ஓடத் தொடங்கியிருந்தது. இரைச்சல் பாறையெல்லாம் ஏறி அதிர்ந்தது.

அவன் காதுக்கு முன்னால் நின்றான். வேட்டியை மடித்துக் கட்டினான். வாழ்நாளில் சொல்லாத சொல் அது. சொன்னான்: "போறேன்."

"போயிட்டு வாங்க, சடையாண்டி" என்றது அக்கா. பதமாக, நிஜமான ஒரு பொம்பளை வாசலில் நின்று சொல்கிற மாதிரி.

"வர்றேன்" என்றான் அவன்.

அவன் எங்கே சொன்னான்? வாய் சொன்னது. நாற்பது வருஷமாக, போயிட்டு வா என்று யார் சொன்னாலும் வாய் தானாகச் சொல்வது.

"நன்றி. சடையாண்டி வருகிறார்."

அவன் அசையாமல் நின்றான். பிறகு, கேட்கவே பயந்து, கேட்டான்: "செவத்தையா?"

"செவத்தையா வருகிறார்."

அடுத்த பெயரைச் சொன்னான். வருகிறார். அதற்கடுத்ததும். வருகிறார். முன்னே போன எல்லாருக்கும் அக்கா போயிட்டு வாங்க சொல்லியிருக்கிறாள். நல்ல பிள்ளைகளாக எல்லாரும் பதில் சொல்லியிருக்கிறார்கள். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், அவள் அப்புறம் என்ன சொன்னாள் என்று நின்று கேட்கவில்லை.

அவன் நினைக்காமலே இன்னொரு பெயர் வாயில் வந்தது. "மொக்கராசு?"

"மொக்கராசு, வெளியே."

உள்ளே ஓடிப்போய்க் கூப்பிட நினைத்தான். ஓடினால் நடை காலியாகும். வாசலில் ஷட்டரை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அமுக்க வெளியே ஓடினாலும் நடை காலியாகும். காதும் கண்ணும் ஒன்றுபோலச் சொல்லிவிடும். வாசல்கட்டையை யார் கேட்பார்கள்? நடை காலியான பிறகு அக்கா எவ்வளவு நேரம் பொறுப்பாள் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு முறை நடையில் ஒரு தெருநாய் வந்து படுத்துக்கொண்டது. நாய் எழுந்து போகிறவரை ஷட்டர் அசையவில்லை. கீழே பாதி மாவட்டம் இருட்டில் கிடந்தது. கண்ணுக்கு முன்னால் ஓர் உயிர் இருந்தால் போதும், மற்ற இரண்டும் என்ன சொன்னாலும் அக்கா ஷட்டரைத் தூக்க மாட்டாள்.

அவன் கண்ணுக்கு நேராக வந்து நின்றான்.

கத்திப் பார்க்கலாமா? மோட்டார் இரைச்சலில் உள்ளே கேட்காது. அக்காவுக்குத்தான் கேட்கும். எந்தச் சொல்லை எப்படி எடுத்துக்கொள்வாளோ. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"சடையாண்டி, நடையில் நிற்கிறீர்கள்" என்றாள் அக்கா. "தயவுசெய்து வெளியே வாருங்கள். ஷட்டர் காத்திருக்கிறது."

அவன் நின்றான். கொஞ்சம் கழித்து அதே குரல், அதே பதம். கோபம் இல்லை, அலுப்பு இல்லை. தப்பு செய்கிறோம் என்ற எண்ணமும் இல்லை. முழங்காலுக்குக் கீழே உணர்வு போனது. மூத்திரம் முட்டியது, நின்றபடியே வேட்டியில் போனான். சூடு காலில் இறங்கிச் சில்லென்று ஆனது. பின்னால் சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் சில நேரம் ஆள் நடந்து வருவதுபோல் இருந்தது. கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற நடை. திரும்பிப் பார்க்கவில்லை. மாப்ளதானோ என்று பயந்து இல்லை. திரும்பினால் கால் மடங்கி விழுந்துவிடுவோம் என்று பயந்தான். விழுந்தவனைக் கண் உயிர் என்று எண்ணுமா, சகதி என்று எண்ணுமா?

மோட்டார் நின்றது. வெகு நேரம் கழித்துப் பேச்சுச் சத்தம் வந்தது. செவத்தையா முதலில் வந்தான். "என்னா மச்சான், சாமி வந்த மாதிரி நிக்கிற? உள்ள வரவே இல்ல? இதென்னா நாத்தம்..."

சடையாண்டி பேசவில்லை. கையைத் தூக்கி அவன் தலையில் ஓங்கித் தட்டினான். அடுத்தவன் வந்தான், அவன் தலையிலும். ஒவ்வொரு தலையாகத் தட்டி, கடைசி ஆளின் முதுகில் கையை வைத்துத் தள்ளிக்கொண்டே வாசலுக்கு வந்து சிவப்புப் பொத்தானில் விழுந்தான்.

ஜெசிந்தா கேட்டுவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். தான் சேர்த்த மரியாதைதான் எல்லாரையும் கொல்ல இருந்தது என்று அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கம்பெனி அழவில்லை. இருப்பதை எடுக்க முடியாது, புதிதாகச் சேர்க்கலாம் என்றது மறுபடியும். அக்காவின் 'போயிட்டு வாங்க' அலுவலகத்தில் எல்லாருக்கும் பிடித்துப்போயிருந்தது. அதுவும் இருக்கட்டும் என்றார்கள். ஆட்கள் உள்ளே இருக்கிற நேரமெல்லாம் நடையில், கண்ணுக்கு முன்னால், ஒரு ஆள் நிற்க வேண்டும். அதைச் சேர்த்தார்கள்.

முதல் ஆளாகச் சடையாண்டியைப் போட்டார்கள்.

அவன் நிற்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் ஜெசிந்தா நடைக்குள் வந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அவன் பக்கத்தில் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஒங்களையும் கணக்குல சேக்கணும் அண்ணே. மனுசன்னு எழுத அதுல எடமில்ல. உறுப்புன்னு எழுதியிருக்காவ. மத்த உறுப்புக்கெல்லாம் போட்டிருக்க மாதிரி ஒங்களுக்கும் போடணுமாம்." தொப்பியை மறு கைக்கு மாற்றினாள். "ஒங்க நம்பகம் எவ்வளவுன்னு கேக்காவ. எவ்வளவு நேரம் பிசகாம நிப்பீங்கன்னு."

நடைக்குள் இருக்கும்போது சடையாண்டி யாரோடும் பேசுவதில்லை. இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறி நின்றான். பாறைக்குள் எங்கோ செவத்தையாவின் மண்வெட்டி சுரண்டுகிற சத்தம் கேட்டது. அது கேட்கிறவரைக்கும் நின்றுவிடலாம் என்று தோன்றியது. அது நின்ற பிறகும் நிற்க வேண்டும் என்பதுதான் வேலை.